ஐ.டி.ஐ.க்கு அப்புறம் என்ன? 1942, 1953, இன்று

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம். மீஞ்சூரில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். மதிப்பெண் 500-க்கு 270-ஐத் தாண்டவில்லை. பள்ளியில், "இந்த மார்க்குக்கு ஐ.டி.ஐ. போதும், ஃபிட்டர் எடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ணா, ஐ.டி.ஐ. சேந்தா அதோட முடிஞ்சுதா? அதுக்கு அப்புறம் என்னா?"

பதில் சொல்வது கஷ்டமில்லை. பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதற்கென்று தனியாகக் கவுன்சிலிங் நடக்கிறது. இரண்டும் இரண்டும் மூன்றும் ஏழு வருடம். பிளஸ் டூ வழியாகப் போனால் ஆறு. கூடுவது ஒரு வருடம்தான், அதற்குள் கையில் ஒரு தொழிலும் ஒரு டிப்ளமோவும் வந்துவிடுகின்றன. "ஃபிட்டர் எடு" என்று சொன்னவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் "போதும்" என்ற அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது தோழர்களே. உங்களில் பலர் நாளைக்கு மாலைநேர வகுப்பு எடுக்கப் போகிறவர்கள், தம்பி தங்கைகளுக்கு வழி சொல்லப் போகிறவர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீஞ்சூர் இன்று திருவள்ளூர் மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம். நெல் விளைகிற பூமி, சேரி மக்கள் பண்ணையாள்கள். அந்த மாவட்டத்துச் சேரிகளின் நிலையைத்தான் கலெக்டர் திரமென்கீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது என்பதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதே காலத்தில், 1893-இல், நம் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிகளும் உதவித்தொகையும் கொடுக்கச் சென்னை மாகாண அரசு ஆணை போட்டதையும், 1894-இல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியதையும், 1920-க்குப் பிறகு தொழிலாளர் துறை சேரிகளில் 'லேபர் ஸ்கூல்' திறந்ததையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான். எழுத்தறிவு கிடைத்தது. எழுத்தறிந்த பிள்ளை அடுத்து எங்கே போவது என்பதற்கு அந்தப் பள்ளிகளில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு முதன்முதலாகக் கணக்குப் போட்டு, பணம் கேட்டு, இடம் காட்டிப் பதில் எழுதியவர் பாபாசாகேப். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்தார். அக்டோபரிலேயே, பட்டியல் சாதியினரின் குறைகள் என்று ஒரு நீண்ட மனுவை வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்துவிட்டார். நம் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஆவணம் அது. கலைப் படிப்பாலும் சட்டப் படிப்பாலும் நம் மக்களுக்குப் பெரிய பயன் விளைந்துவிடாது, அறிவியலும் தொழில்நுட்பமும்தான் வேண்டும் என்கிறார், தானே பாரிஸ்டரான ஒருவர்! அந்தப் படிப்புகளுக்கு உதவித்தொகை கேட்கிறார், வெளிநாட்டுப் படிப்புக்குத் தனியே கேட்கிறார். பனாரஸுக்கும் அலிகாருக்கும் அரசுப் பணம் போகும்போது எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார். இன்னொரு பக்கம், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பையன்களைத் தொழில் பழகுநர்களாக எடுக்க வேண்டும் என்கிறார்.

ரயில்வே பணிமனை என்றால் வடசென்னைக்காரர்களுக்குப் பெரம்பூர். பாபாசாகேப் லேத் பட்டறையைத் தாழ்வாக நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்தையும் பணிமனையையும் ஒரே மனுவில் வைத்தார். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும், எதில் நுழைவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

மனு வீண் போகவில்லை. 1944-இல் பத்தாவதுக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகை தொடங்கியது. இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் என்று சொல்கிறோமே, அதுதான். அவருடைய துறையின் கீழ்தான் 1945-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வந்தன. முதலில் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு, 1948-இல் எல்லோருக்கும். படிக்கப் பணமும், வேலை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் அலுவலகமும் நான்கு வருடத்துக்குள் வந்துவிட்டன.

இனி 1953-க்கு வருவோம். அந்த ஆண்டு சென்னையோடு தொடர்புடைய இரண்டு திட்டங்கள் வெளியாயின. இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும். முதலமைச்சர் ராஜாஜியின் மாற்றியமைக்கப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் அப்பனுடைய தொழிலைப் பழக வேண்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு ஷிப்ட், இரண்டு மடங்கு பிள்ளைகள் என்று சிக்கனக் கணக்கு காட்டினார். சென்னை நகரத்துப் பிள்ளைக்கு இது கிடையாது. ராயபுரத்தில் இருந்தால் முழுநாள் பள்ளி, மீஞ்சூர் மாதிரி கிராமத்தில் பிறந்தால் அரைநாள். குயவர் மகன் சக்கரம், தச்சர் மகன் உளி என்று உதாரணம் சொன்னார்கள். பண்ணையாள் மகனுக்கு எதைப் பழக்குவது? செத்த மாட்டைத் தூக்கும் வேலையையா, பறையடிக்கும் வேலையையா? இந்தக் கேள்வியைக் கேட்டால் திட்டத்தின் அழகெல்லாம் கரைந்துவிடும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். திமுக தெருவில் இறங்கியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இன்னொன்று, மத்திய அரசு 1952-இல் அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கிளார்க் படிப்பில் தள்ளாமல் பலவகைப் பாடப்பிரிவுகள் உள்ள பள்ளிகளைத் திறக்கச் சொன்னது அந்தக் குழு. திறமையும் விருப்பமும் பார்த்து மாணவருக்கு வழி சொல்லப் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிக்கும் வர வேண்டும் என்றும் சொன்னது.

குலக்கல்வியும் ஒரு வழிகாட்டல்தான். உன் வழி உன் அப்பன் போன வழி என்று அது காட்டியது. முதலியார் குழு, பிள்ளையைக் கேட்டு வழி சொல்லுங்கள் என்றது. முதல் திட்டத்தை ஓராண்டில் விரட்டினோம், அது நம் முன்னோரின் வெற்றி. இரண்டாவதைக் கேட்டு வாங்கினோமா? இல்லை. காமராசர் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளி வந்தது, மதிய உணவு வந்தது. தொழில் வழிகாட்டி ஆசிரியர் மட்டும் பள்ளிக்கு வரவில்லை. வழிகாட்டும் வேலை வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு ஒட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகரிலேயே நின்றுவிட்டது. 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்ற நீளமான பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். மீஞ்சூர்ப் பிள்ளைக்கு அந்தப் பலகை திருவள்ளூரில் இருக்கிறது. நேர் ரயில் கூடக் கிடையாது, சென்னைப் பக்கம் போய் வேறு லைன் மாற வேண்டும்.

அதே காலத்தில்தான் நம் வாசலுக்குத் தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு. 60-களில் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம். அதன்பின் வடசென்னை அனல் மின்நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. சாம்பலும் கரிப்புகையும் முழுசாக நமக்கு வந்தன, வேலை அப்படி வரவில்லை. சட்டம் இருந்தது. 1959-இன் சட்டப்படி காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1961-இன் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973-இல் ஒரு பிரிவு சேர்த்து, பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு கொடுத்தார்கள். பாபாசாகேப் 1942-இல் கேட்டது 31 வருடம் கழித்துச் சட்டத்தில் ஏறியது. இந்தப் பிரிவு இருப்பது நம் ஐ.டி.ஐ. மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்ட இடங்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவோ மாமாவோ கேட் உள்ளே இருந்தார். விண்ணப்பம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். நம் அப்பாக்கள் கேட்டுக்கு வெளியே கான்ட்ராக்டரிடம் இருந்தார்கள்.

1978-இல் பிளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் படித்து, பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். பிளஸ் டூ பள்ளியிலேயே வந்தது நல்லதுதான். ஆனால் 'குரூப்' என்ற முடிவு பதினைந்து வயதில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பிளஸ் ஒன் சேரப் போனபோது என் அம்மா கூடை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். "எந்த குரூப் வேணும்?" என்று யாரும் கேட்கவில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்தார்கள், சாதிச் சான்றிதழைப் பார்த்தார்கள், தொழிற்பிரிவு என்று எழுதினார்கள். கணக்கில் நான் எண்பதுக்கு மேல். "உங்க புள்ளைக்கு இது போதும்மா, சீக்கிரம் வேலைக்குப் போலாம்" என்றார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். இதைக் குலக்கல்வி என்று சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. தொழிற்பிரிவில் குறையில்லை, பொது இயந்திரவியல் நல்ல பாடம். அதற்கு அப்புறம் எங்கே போகலாம் என்பதை மட்டும் யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால்தான் அது வழிகாட்டல்.

இன்று நிலைமை அப்படியே இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' தொடங்கியது, அதே ஆண்டு 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் வந்தன. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' என்று ஒன்று நடக்கிறது. 1953-இல் முதலியார் குழு கேட்டது எழுபது வருடம் கழித்து அரசுப் பள்ளிக்குள் நுழைந்திருக்கிறது. குறை இருக்கிறது: மண்டபத்தில் ஆயிரம் பேரை உட்கார வைத்துப் பேசுவதும், ஒரு பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக் கேட்பதும் ஒன்றாகாது. அந்த இரண்டாவது வேலையை ஆசிரியர் செய்ய வேண்டும். அவருக்கு நேரமில்லாத இடத்தில் நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்யும்போது கண்ட சில விஷயங்கள். மீஞ்சூரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் பொன்னேரி. அங்கே உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது, அதற்கு மீன்வளப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. பொறியியல் கவுன்சிலிங்கோடு சேர்ந்து வராது. உயிரியல் படித்த பிள்ளைகள் நீட் ஒன்றையே நினைத்துவிட்டு இந்தத் தேதியைத் தவற விடுகிறார்கள்.

பிறகு பணம். 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92-ஐ நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே கொடுக்கும் என்ற ஆணை. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பொறியியலுக்குப் போனது அதற்குப் பிறகுதான். 2017-இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். மத்திய அரசு போஸ்ட் மெட்ரிக்கில் தன் பங்கைக் கொடுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்து, நாடு முழுக்கக் கூச்சல் கிளம்பிய பிறகு 2020 டிசம்பரில்தான் 60-க்கு 40 என்ற பங்கீட்டுக்கு வந்தது. இதெல்லாம் டெல்லி, கோட்டை சமாச்சாரம் என்று விட முடியாது. ஜூன் மாதம் ஏஜென்ட் ஒருவன் மீஞ்சூர் தெருவுக்குள் வருவான், "ஃபீஸ் இல்லாம சீட்டு வாங்கித் தரேன், எஸ்சி ஸ்காலர்ஷிப் இருக்குல்ல" என்பான். அவன் வாங்கித் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடு. முதல் செமஸ்டர் முடியும்போது ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் அதே கல்லூரியில் அதே சீட்டு கிடைத்திருக்கும். எந்த வாசல் வழியாக உள்ளே போனோம் என்பதில் நான்கு வருடப் பணம் அடங்கியிருக்கிறது.

சான்றிதழ் இன்னொன்று. எஸ்சி சான்றிதழைத் தாசில்தார் தருகிறார், பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பொன்னேரிப் பக்கம் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்கிற இருளர் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூ வரை வந்து அந்தக் காகிதத்துக்காக நிற்பதைப் பார்க்கிறோம். அப்பா அம்மாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்காது. விசாரணை முடிவதற்குள் கவுன்சிலிங் முடிந்துவிடும். இந்த வேலையைப் பன்னிரண்டாவதில் தொடங்கினால் தாமதம். ஒன்பதாம் வகுப்பிலேயே மனு போட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இப்போது ஒன்பதாவது சேருகிற பிள்ளைகளிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்தப் பையன் ஃபிட்டர்தான் சேர்ந்தான். வேறு குரூப் வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். வேண்டாம், மெஷின் பிடிக்கும் என்றான். சேர்ந்த அன்றே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டான்: ஐ.டி.ஐ. முடியும் வருடம், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு விண்ணப்பம் வரும் மாதம், அப்ரன்டிஸ் ஒதுக்கீட்டுப் பிரிவின் எண். மூன்றாவது வரிக்கு எதிரில் கேள்விக்குறி போட்டிருந்தான். 3ஏ என்று சொன்னேன், அடித்துவிட்டு எழுதினான்.