ஒரு நாள் கூலியும் ஒரு நகரத் தேர்தலும்

1882 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகர மன்றத்தை ஒட்டிய பூங்காவில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஊர்வலத்தில் நடக்க வேண்டியவர்களைத்தான் காணோம். ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிய வில்லியம் மெக்கேப், அச்சுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர். இன்றைக்கு வேண்டாம், விட்டுவிடலாம் என்று சிலர் அவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் மத்தியத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் மேத்யூ மகுவயர் ஓட்டமாக வந்து ஒரு செய்தி சொன்னார். நியூவர்க்கிலிருந்து நகைத் தொழிலாளர்கள் 200 பேர் படகில் வந்து இறங்கிவிட்டார்கள். கூடவே பேண்டு வாத்தியமும் வருகிறது!

வாத்தியச் சத்தம் கேட்டதும் தெருவில் தயங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்தார்கள். பிராட்வே சாலையில் நடக்க நடக்கச் சங்கம் சங்கமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யூனியன் சதுக்கத்து மேடையைக் கடந்து போனவர்கள் 10,000 பேராவது இருக்கும். ஊர்வலம் முடிந்ததும் எல்ம் பார்க்கில் குடும்பத்தோடு சாப்பாடு, பேச்சு, இசை என்று இரவு வரை கொண்டாட்டம். அமெரிக்காவின் முதல் தொழிலாளர் தினம் இப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு அரசு விடுமுறை எதுவும் இல்லை. ஊர்வலத்துக்கு வந்தவர் ஒவ்வொருவரும் அந்த நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

நமக்குத் தொழிலாளர் தினம் என்றால் மே 1. சிகாகோத் தொழிலாளர்கள் 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலைக்காக நடத்திய போராட்டத்தின் நினைவாக, 1889-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு குறித்த நாள் அது. ஆனால் அமெரிக்காவில் விடுமுறை செப்டம்பர் முதல் திங்கட்கிழமைதான். அந்த நாட்டில் பொதுத்தேர்தல் நவம்பர் தொடக்கத்தில் வருவதால், தொழிலாளர் தினத்துக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே இரண்டே மாதம். கோடை முடிந்து பிரசாரம் சூடுபிடிக்கும் காலம் அது. 1948-இல் ட்ரூமனும் 1960-இல் கென்னடியும் தொழிலாளர் தினத்தன்று டெட்ராய்ட்டின் காடிலாக் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தின் முன் பேசித்தான் தேர்தல் களத்தில் இறங்கினார்கள். இந்த விடுமுறையும் தேர்தல் தொண்டும் ஒன்றாக முளைத்த கதையைத் தேடிப் போனால், அது 1886-ஆம் ஆண்டு நியூயார்க் மேயர் தேர்தலில் போய் நிற்கும்.

அந்த ஆண்டு 14-ஆம் தெருவில் இருந்த ஓர் இசையரங்கைத் தொழிலாளர்கள் புறக்கணித்தார்கள். அரங்கின் உரிமையாளர் உடன்பாட்டுக்கு வந்தார். புறக்கணிப்புச் செலவுக்கென்று பணமும் கொடுத்தார். பிறகு, அந்தப் பணம் மிரட்டி வாங்கியது என்று வழக்கு வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சிங் சிங் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். காவல்துறை, நீதிமன்றம், நகர மன்றம் எல்லாமே எதிர்த் தரப்பில் நிற்கும்போது வேலைநிறுத்தத்தை மட்டும் நம்பி என்ன பயன் என்ற கேள்வி ஒவ்வொரு சங்கத்திலும் எழுந்தது. ஆகஸ்ட் மாதம் கிளாரண்டன் ஹாலில் 165 அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடி, தேர்தலில் தனியாக நிற்பது என்று பெரும்பான்மையோடு முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டியதும் மத்தியத் தொழிலாளர் சங்கம்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் முதல் தொழிலாளர் தினத்தை நடத்திய அதே கைகள்.

வேட்பாளராக அவர்கள் தேடிப் போனது ஹென்றி ஜார்ஜை. அச்சுக்கோப்பவராகப் பிழைப்பைத் தொடங்கி எழுத்தாளரானவர் அவர். நிலத்தின் மதிப்பு ஏறுவதால் வரும் லாபம் சமூகத்துக்கே சேர வேண்டும் என்று வாதிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' நூல் 1879-இல் வெளிவந்து அவருக்கு உலகப் புகழ் தந்திருந்தது. ஜார்ஜ் உடனே சம்மதிக்கவில்லை. எனக்கு வாக்களிப்போம் என்று 30,000 பேர் கையெழுத்திட்டுத் தாருங்கள், அப்போது நிற்கிறேன் என்றார்.

தொழிலாளர்களின் புதிய கட்சிக்குக் காசில்லை, கையில் இருந்தது ஆள்பலம் மட்டுமே. சுருட்டு சுற்றுபவர்கள், தையல்காரர்கள், தச்சர்கள், அச்சுத் தொழிலாளர்கள் வேலை நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் பட்டறை பட்டறையாக, சங்கம் சங்கமாகத் தாள்களைச் சுமந்துகொண்டு அலைந்தார்கள். செப்டம்பர் தொழிலாளர் தின ஊர்வலமும் இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் வந்தது. அக்டோபர் 5 இரவு கூப்பர் யூனியன் மண்டபத்தில் ஜார்ஜ் வேட்பாளர் பொறுப்பை ஏற்க மேடையேறியபோது, கையெழுத்துத் தாள்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தால் 34,000-க்கும் மேல்.

அதன் பிறகு நான்கு வாரம் நகரம் அதுவரை காணாத பிரசாரம் நடந்தது. மண்டபங்களுக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஒரு குதிரை வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, பின்பலகையைத் திறந்துவிட்டால் அதுவே மேடை. வேலை முடிந்து வருபவர்கள் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். ஜார்ஜ் பேசி முடித்ததும் அடுத்த தெருமுனைக்கு ஓடுவார்; ஒரே நாளில் இப்படிப் பல கூட்டங்கள். வண்டிப்பலகைப் பிரசாரம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பெரும்பாலான பத்திரிகைகள் எதிர்த்து எழுதியதால், 'லீடர்' என்ற நாளிதழைத் தொழிலாளர்களே தொடங்கினார்கள். சுருட்டுத் தொழிலாளர் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் இரவு பகலாக உழைத்தார். செயின்ட் ஸ்டீபன் தேவாலயப் பாதிரியார் எட்வர்ட் மெக்கிளின், பேராயரின் தடையை மீறி மேடையேறியதற்காகப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

மிகக் கடினமான வேலை வாக்குப்பதிவு நாளுக்காகக் காத்திருந்தது. அந்தக் காலத்தில் அரசு வாக்குச்சீட்டு அச்சடித்துத் தருவதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயர் போட்ட சீட்டைத் தானே அச்சடித்து, வாக்குச்சாவடி வாசலில் ஆளை நிறுத்தி, வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை மடித்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுவார். வாசலில் ஆள் இல்லாத கட்சிக்கு அந்தச் சாவடியில் வாக்கே இல்லை. நகர அரசியலைக் கையில் வைத்திருந்த டாமனி ஹால் என்ற கட்சி அமைப்புக்கு இது சிரமமே இல்லை. வேட்பாளர்களிடம் வசூலித்த பணத்தில் சாவடிக்குச் சாவடி கூலிக்கு ஆள் போட்டது. தொழிலாளர் கட்சியின் ஆட்கள் மீண்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சீட்டுக் கட்டோடு வந்து நின்றார்கள். சீட்டு கொடுப்பதும் அவர்களே, எண்ணும் இடத்தில் கண் வைத்திருப்பதும் அவர்களே.

நவம்பர் 2 இரவு முடிவு வந்தது. டாமனி ஹால் ஆதரவோடு நின்ற ஏப்ரம் ஹூவிட் 90,552 வாக்குகள் பெற்று மேயரானார். ஜார்ஜுக்கு 68,110. மூன்றாவதாக வந்தவர் குடியரசுக் கட்சியின் 28 வயது இளைஞர், 60,435 வாக்குகள். அவர் தியோடர் ரூஸ்வெல்ட். பிற்காலத்தில் நாட்டின் அதிபர்.

எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஜார்ஜின் ஆதரவாளர்கள் பல காலம் நம்பினார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வாசலில் நின்று சீட்டு கொடுத்தவர்களின் அனுபவம் வீணாகவில்லை. அரசே அச்சடிக்கும் ரகசிய வாக்குச்சீட்டு வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் தேர்தல் வலுவூட்டியது. 1888-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது. நியூயார்க் 1890-இல் முதல் அடி எடுத்து வைத்தது.

தொழிலாளர் கட்சி அடுத்த ஆண்டே உட்பூசலில் உடைந்தது. ஜார்ஜ் 1897-இல் மறுபடியும் மேயர் தேர்தலில் நின்று, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனார். இருந்தாலும் அந்த 68,110 வாக்குகளை ஆல்பனியில் இருந்த நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் கவனிக்காமல் இல்லை. தேர்தல் முடிந்த சில மாதங்களில், 1887 மே மாதம், ஆளுநர் டேவிட் ஹில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சனிக்கிழமை பிற்பகல் அரைநாள் விடுமுறை. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. நாடு முழுவதற்குமான சட்டம் 1894-இல்தான் வந்தது.

அந்த 1887-ஆம் ஆண்டின் நாட்காட்டியில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை 5-ஆம் தேதி விழுந்தது. நகைத் தொழிலாளர்கள் பேண்டு வாத்தியத்தோடு படகில் வந்து இறங்கி, அன்றைக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.