உச்சிவட்டத் தொலைகாட்டியும் சென்னை விண்மீன் அட்டவணைகளும்

சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள வானிலை நிலைய வளாகத்திலே கருங்கற்றூண் ஒன்று நிற்கின்றது. பதினைந்து அடி உயரமும் ஏறத்தாழப் பத்துத் தொன் நிறையும் கொண்ட அத்தூண், 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனியார் அங்கு அமைத்த வான்நோக்கு நிலையத்தின் கருவியைத் தாங்குதற்பொருட்டு நிறுத்தப்பட்டது. ஆசியாவிலே கணித விஞ்ஞானங்கள் பிரித்தானியரின் கொடையால் முதன்முதல் நாட்டப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டுகளின் பின் வருவோர் அறிதல் வேண்டும் என்பது அதிற் பொறிக்கப்பட்ட வாசகத்தின் கருத்து. ஆரியபட்டரும் பிரமகுப்தரும் தோன்றிய கண்டத்தைப் பற்றிய இக்கூற்றின் பொருந்தாமையை விரித்துரைத்தல் வேண்டா. ஆயின், அந்நிலையத்தில் நிகழ்ந்த உழைப்பினை மதிப்பிடுவதற்குத் தூணின் வாசகத்தை விடுத்துக் கருவியின் இயல்பினை நோக்குதலே தக்கது.

விண்மீன்களின் இடத்தை அளக்குந் தொலைகாட்டி, வானத்தில் விரும்பிய திசையெல்லாம் திரும்புவதன்று. கிழக்கு மேற்காகக் கிடக்கும் அச்சொன்றில், இரு கற்றூண்களுக்கிடையே அது பொருத்தப்பட்டிருக்கும். ஆதலின், வடக்கிலிருந்து தலையுச்சியூடாகத் தெற்கே செல்லும் உச்சிவட்டத்தை மட்டுமே அதனால் நோக்கவியலும். பூமியின் சுழற்சியால் ஒவ்வொரு விண்மீனும் அவ்வட்டத்தைக் கடந்து செல்லும். கடக்குங் கணம் அதன் ஓர் ஆள்கூற்றையும், அச்சோடிணைந்த அளவுவட்டத்திற் காணப்படும் கோணம் மற்றையதையும் தரும். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓலே ரோமர் டென்மார்க்கில் இம்முறையைத் தொடக்கிவைத்தார். அசையும் உரிமையைக் குறைத்தமையாலேயே இக்கருவி நுண்மை பெற்றது எனலாம்.

எனினும் அந்நுண்மை அவதானிப்பவரின் புலன்களையே சார்ந்திருந்தது. காட்சிப்புலத்திற் கட்டப்பட்ட மெல்லிய இழைகளை விண்மீன் கடப்பதைக் கண் நோக்க, மணிக்கூட்டின் ஒலியைச் செவி எண்ண, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கினை மனம் மதிப்பிடல் வேண்டும். ஒரு செக்கன் வழு நேரின் வானத்தில் அது 15 விகலை வழுவாகிவிடும். 1796 இல் கிறீனிச்சில் அரச வானியலாளரான மாஸ்கிலின், தம் அவதானிப்புக்களிலிருந்து 0.8 செக்கன் வேறுபட்டமைக்காக உதவியாளர் கினபுரூக்கை வேலையினின்றும் நீக்கினார். அத்தகைய வேறுபாடு கவனக்குறைவன்று, மனிதர்க்கு மனிதர் இயல்பாகவே அமைவது என்பதைப் பின்னர் பெசல் என்னும் ஜேர்மானிய அறிஞர் தெளிவுபடுத்தினார். உதவியாளரின் குறையெனக் கருதப்பட்டது, அளவியலின் ஓர் உண்மையாயிற்று.

இத்துணை இடர்ப்பாட்டின் பயன் யாது? 1718 இல் எட்மண்ட் ஹலி, பண்டைக் கிரேக்கர் குறித்த இடங்களைத் தம் காலத்து அளவைகளோடு ஒப்பிட்டு, நிலையானவை எனக் கருதப்பட்ட விண்மீன்களுட் சில இடம்பெயர்ந்துள்ளன எனக் காட்டினார். ஆகவே, விண்மீன் அட்டவணை அதனைத் தொகுத்தவருக்கு மட்டும் பயன்படுவதன்று. பின்னொரு காலத்தவர் தம் அளவையோடு ஒப்பிடுகையிலே அதன் முழுப்பயனும் விளைகின்றது.

சென்னை நிலையத்திற்கு இப்பணியில் தனிச்சிறப்பொன்று இருந்தது. வட அகலாங்கு 13 பாகையில் அமைந்தமையால், ஐரோப்பிய நிலையங்களின் அடிவானத்திற்குக் கீழே மறைந்த தென்வான மீன்கள் பல அங்குத் தெரிந்தன. 1830 இல் பொறுப்பேற்ற ரி. ஜி. ரெயிலர், 11,015 விண்மீன்களின் இடங்களைக் கொண்ட அட்டவணையை 1844 இல் வெளியிட்டார். 1861 இல் வந்த நோர்மன் பொக்சனின் காலத்தில் புதிய உச்சிவட்டத் தொலைகாட்டி நிறுவப்பட்டது. 1862 முதல் 1887 வரை அதனால் 5,303 விண்மீன்கள் அளக்கப்பட்டன.

அக்கருவியின் முன் நெடுங்காலம் பணியாற்றியவர் முதல் உதவியாளரான சிந்தாமணி இரகுநாதாசாரியார். அவதானிப்பிற் பழகிய அவர், தென்வானத்து வலைமண்டலத்திலுள்ள மீனொன்றின் ஒளி மாறுபடுவதை 1867 இற் கண்டறிந்தார். ஏறத்தாழ 280 நாட்களுக்கொருமுறை ஒளிமிகுந்து மங்கும் அம்மீன், சென்னையில் உச்சிவட்டத்தைக் கடக்கும்போது அடிவானத்திலிருந்து 14 பாகை அளவே உயர்வது. கிறீனிச்சில் ஒருபோதும் உதியாதது. 1872 இல் அவர் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராயினார். இந்தியருள் அவ்வுறுப்புரிமை பெற்ற முதல்வர் அவரே. பஞ்சாங்கக் கணிப்பு கண்ணாற் காணும் வானத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்னுங் கொள்கையுடன் அவர் திருக்கணித பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். கருவி கற்பித்த ஒழுக்கத்தை அவர் தம் மரபின் சீர்திருத்தத்திற்கும் பயன்படுத்தினார் என்பது இதனாற் பெறப்படும். மரபுக் கணிதம் அவரிடத்தில் புதிதாக நாட்டப்படவில்லை. முன்னரே வேரூன்றியிருந்த ஒன்று புதிய அளவைகளாற் செம்மையுற்றது.

இரகுநாதாசாரியார் 1880 இலும் பொக்சன் 1891 இலும் மறைந்தனர். இருவரும் முழு அட்டவணையைக் கண்டிலர். எஞ்சிய பணி பொக்சனுக்குப் பின் வந்த மிச்சி சிமித்தினால் நிறைவேறியது. 1899 இல் வானியலாய்வு கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது.

1989 இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செய்மதி 118,218 விண்மீன்களை அளந்தது. 2013 இல் ஏவப்பட்ட காயா, 2025 இல் அளவீட்டை நிறுத்துமுன் நூறு கோடிக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. கண்ணுஞ் செவியும் செய்த தொழிலைக் கருவிகளே இன்று புரிகின்றன. எனினும், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு விண்மீன் எங்கிருந்தது என்பதை எந்தச் செய்மதியாலும் சென்று அளக்கவியலாது. அதற்குச் சான்று, அன்றிரவு விழித்திருந்தோர் எழுதிவைத்த எண்களே. தூணின் வாசகம் கொடையளித்தோரை நினைவூட்டுகின்றது. அட்டவணையின் எண்களோ, அவற்றைக் குறித்தவரின் பெயரை வரிதோறுந் தாங்குவதில்லை. அப்பெயர்களை மீட்டு எண்களின் அருகே வைப்பது வரலாற்று மாணவரின் கடனாகும்.