பழைய பக்கங்களில் தமிழ் ஏன் சிதைந்து தெரிகிறது?

1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு வெளியேறிய மக்களில் பெருந்தொகையானோர் ஸ்கந்தபுரம், அக்கராயன் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2008 இல் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தனர். இந்த இடப்பெயர்வுகளில் கடிதங்களும் படங்களும் தொலைந்துபோயின. அந்த ஆண்டுகளைப் பற்றித் தேடுவோருக்கு மிஞ்சியிருப்பவற்றில் பழைய இணையச் செய்திகளும் கணினிக் கோப்புகளும் முக்கியமானவை. ஆனால் திறந்து பார்த்தால், பல வேளைகளில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளுமே தெரிகின்றன.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று சொல்லும் அட்டவணைதான் குறிமுறை. அட்டவணை மாறினால் எழுத்தும் மாறிவிடும்.

உலாவி எப்படி முடிவு செய்கிறது?

முதலில், கோப்பின் தொடக்கத்தில் யூனிகோட் அடையாளக் குறி உள்ளதா என்று பார்க்கும். இல்லையென்றால், பக்கத்தோடு சேர்த்து சேவையகம் அனுப்பும் தலைப்புத் தகவலைப் பார்க்கும். அதிலும் இல்லையென்றால், பக்கத்தின் முதல் 1,024 பைட்டுகளுக்குள் குறிமுறை அறிவிப்பைத் தேடும். எதுவுமே கிடைக்காவிட்டால் ஊகிக்கும். ஊகத்துக்கும் வழியில்லாதபோது பெரும்பாலும் விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை எடுத்துக்கொள்ளும்.

இன்று வழக்கிலுள்ள யூடிஎப்-8 முறையில் 'அ' என்ற எழுத்து மூன்று பைட்டுகள். அதை விண்டோஸ்-1252 ஆக வாசித்தால் à®… என்று மூன்று குறிகளாகத் தெரியும். பக்கம் முழுவதும் à திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் அழியவில்லை, அட்டவணைதான் தவறு என்று பொருள். பயர்பொக்ஸ் உலாவியின் பார்வைப் பட்டியலில் இதைச் சரிசெய்யும் தெரிவு உண்டு.

பாமினியின் சிக்கல் வேறு

பாமினி ஓர் எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே. எனவே உலாவி குறிமுறையைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. தேடுபொறிக்கும் அது தமிழ் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் அந்தப் பக்கத்திலேயே இருந்தாலும், தமிழில் தேடினால் கிடைக்காது.

டிஸ்கி, தாப் ஆகியவை 8 பிட் குறிமுறைகள். இன்றைய உலாவிகள் ஏற்கும் குறிமுறைப் பட்டியலில் இவ்விரண்டுமே இல்லை.

மீட்பது எப்படி?

• மூலக் கோப்பை மாற்றாமல் ஒரு பிரதியைப் பாதுகாப்பாக வையுங்கள். சிதைந்த தோற்றத்திலேயே திரும்பச் சேமிக்க வேண்டாம்.
• பாமினி, டிஸ்கி, தாப் எழுத்துகளை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தவறாக மாறிவிடும் என்பதால் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்களிலும் ஊர்களிலும் கூடுதல் கவனம் தேவை.
• கோப்புகள் பல இருந்தால், தேடும் பெயரைப் பாமினிக்கு மாற்றி அவற்றுக்குள் தேடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இங்கே முக்கியம்.
• வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்றே பெரும்பாலும் பொருள். எழுத்துருவை நிறுவினால் போதும்.
• கோப்பிலேயே கேள்விக்குறிகள் மட்டும் பதிவாகியிருந்தால் அதிலிருந்து தமிழை மீட்க முடியாது. வேறு பிரதியைத்தான் தேட வேண்டும்.

பழைய கணினியோ இறுவட்டோ வீட்டில் கிடந்தால், எறிவதற்கு முன் அதிலுள்ள கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். வாசிக்க முடியாதது போலத் தெரிபவற்றையும் விட்டுவிட வேண்டாம்.