பட்டத்தைத் துறந்த பிரபு

பட்டம் பெறுதற்கு முயன்றவர்களைச் சரித்திரத்தில் நிரம்பக் காண்கிறோம். தமக்கு வந்த பட்டத்தினின்று விடுபடுவதற்காக எட்டாண்டுக் காலம் சட்டத்தோடு மல்லாடியவர் ஒருவர் உண்டு. அவரே பிரிட்டிஷ் தொழிற்கட்சியைச் சேர்ந்த டோனி பென்.

அவருடைய தந்தையார் வில்லியம் வெட்ஜ்வுட் பென் நம் நாட்டுச் சரித்திரத்திலும் வருகிறவர். 1929 முதல் 1931 வரை லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்தார். உப்புச் சத்தியாக்கிரகமும் முதல் வட்டமேஜை மாநாடும் அவர் காலத்தில் நிகழ்ந்தவை. 1942-இல் அவர் வைகவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்னும் பிரபுவானார். அது மூத்த மகனைச் சேரும் பரம்பரைப் பட்டம். மூத்தவரான மைக்கேல் பாதிரியாராக விரும்பியவர். பட்டம் அவருக்கு இடையூறாகாது. ஆனால் 1944-இல் விமானப் படைப் பணியில் அவர் உயிர் நீத்தார். உரிமை இளையவர் டோனியின் தலையில் விழுந்தது.

டோனி 1950-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன் அத்தொகுதியில் இருந்தவர், 1942-இல் இந்தியாவுக்குத் தூது வந்த ஸர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ். பரம்பரைப் பிரபு காமன்ஸ் சபையில் அமர்தல் ஆகாது என்பது அந்நாளைய சட்டம். ஆகவே தந்தையின் மரணம் மகனுடைய பதவிக்கும் முடிவாகும். இதை உணர்ந்த தந்தையாரே 1955-இல், மகன் பட்டத்தைத் துறக்க வழி செய்யும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தார். சபை இசையவில்லை.

1960 நவம்பர் 17-ஆம் நாள் தந்தையார் காலமானார். பென் தம் இடத்தை இழந்தார். எனினும் 1961 மே 4-ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் அவரே மீண்டும் நின்றார். மாற்றுக் கட்சியினரான சர்ச்சில் கூட அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியிருந்தார். பென்னுக்கு 23,275 வாக்குகள். கன்சர்வேடிவ் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. வென்றவர் சபைக்குச் சென்றார். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை!

வழக்கு தேர்தல் நீதிமன்றத்தை அடைந்தது. பென்னுக்குத் தகுதியில்லை என்பதை அறிந்தே மக்கள் வாக்களித்தனர். ஆதலால் அவ்வாக்குகள் வீண் எனத் தீர்ப்பாயிற்று. தோற்றவர் உறுப்பினரானார். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிபதிகள் உள்ள சட்டத்தையே எடுத்துரைத்தனர். அச்சட்டமோ ஒரு குடும்பத்தின் பிறப்புரிமையை ஓர் ஊரின் தீர்மானத்துக்கு மேலாக வைத்தது. செயின்ட் கிளேரும் மற்றொரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசாயிருந்தவர் என்பது வேடிக்கை.

இந்த முரண்பாடு நாடெங்கும் பேச்சாயிற்று. 1963 ஜூலை 31-ஆம் நாள் பட்டத் துறப்புக்கு இடமளிக்கும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அன்று மாலையே பென் முதல்வராகத் துறந்தார். செயின்ட் கிளேர் வாக்குத் தவறாமல் பதவி விலகினார். ஆகஸ்டு 20-இல் பிரிஸ்டல் மக்கள் பென்னைத் திரும்ப அனுப்பினர். அவர் வெட்டிய வாய்க்காலில் எதிர்க்கட்சி வயலுக்கும் நீர் பாய்ந்தது. அக்டோபரில் பிரதமர் மாக்மில்லன் விலகவே, கன்சர்வேடிவ் கட்சியின் ஹோம் பிரபு அதே சட்டத்தின்படி பட்டம் துறந்து, பிரதமராகக் காமன்ஸ் சபைக்கு வந்தார்.

பென் தபால் மந்திரியாகவும், பின்னர் தொழில்நுட்பம், கைத்தொழில், எரிசக்தி ஆகிய துறைகளின் மந்திரியாகவும் பணியாற்றி, 2001-இல் பார்லிமெண்டை விட்டு நீங்கினார். சட்டப்படி துறப்பு துறந்தவரின் ஆயுள் மட்டுமே செல்லும். 2014 மார்ச் 14-ஆம் நாள் அவர் மறைந்ததும் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனைச் சேர்ந்தது. அவர் அதை ஏற்றார். 2021-இல் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்தார்.