மெனாஜ்: ஒரு சொல்லும் வளைகுடா வீடுகளும்

பிரெஞ்சில் 'மெனாஜ்' என்றொரு சொல் உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்கள் மெனாஜ். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதும் மெனாஜ். அவர்களுக்குள் சண்டை வந்தால் அதற்கான பெயரிலும் இதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு பெருக்கித் துடைப்பதும் மெனாஜ். அதற்கு வருகிற பெண் 'ஃபாம் து மெனாஜ்'. தமிழில் ஏறக்குறைய இந்த அகலம் உள்ள சொல் குடித்தனம்தான். குடித்தனம் இருக்கலாம், குடித்தனம் நடத்தலாம், ஒண்டுக்குடித்தனமும் செய்யலாம். ஆனால் வேலைக்கு வருகிறவளை அந்தச் சொல்லுக்குள் நாம் விட்டதில்லை.

தங்குதல் என்று பொருள்படும் 'மனேரே' என்ற லத்தீன் வினைதான் இதற்கு மூலம். (மனை, மனைவி என்று உடனே உறவு கொண்டாட நமக்குக் கை பரபரக்கும். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.) அதே மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சில் இன்னொரு சொல்லும் பிறந்தது. குடும்பத்தாரோடு ஏவலாட்களையும் சேர்த்துக் குறித்த சொல் அது. ஆங்கிலத்தின் 'மீனியல்' அதன் வழித்தோன்றல். 'வீட்டைச் சேர்ந்த' என்ற பொருளில் தொடங்கி, 'கீழான வேலை' என்ற பொருளில் வந்து நிற்கிறது. வீட்டு ஆள் என்று சொல்லியே ஒருவரை எவ்வளவு தூரம் கீழே இறக்கலாம் என்பதற்கு அகராதியில் இருக்கும் சாட்சி இது.

நான் இந்தச் சொல்லைத் தேடிப் போனதற்குக் காரணம் இலக்கியம் அல்ல. 2011 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையின் பிரெஞ்சு வடிவம். ஒரு மெனாஜுக்குள்ளோ, ஒன்று அல்லது பல மெனாஜுகளுக்காகவோ செய்யப்படுவதே வீட்டுவேலை என்று அது வரையறுக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள அடிப்படை உரிமைகள் உண்டு என்கிறது. வளைகுடா நாடுகள் எதுவும் இதை ஏற்று உறுதி செய்யவில்லை. இந்தியாவும் செய்யவில்லை; ஆகவே நாம் விரலை ஒரு பக்கம் மட்டும் நீட்ட முடியாது.

அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தனியார் வீடுகளில் வேலை செய்கிறவர்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. வீடு தொழிலிடம் அல்ல, அங்கிருப்பவள் தொழிலாளி அல்ல என்ற எண்ணம்தான் அதன் அடியில் இருந்தது. 'கத்தாமா' என்ற அரபுச் சொல் மட்டக்களப்பிலும் மூதூரிலும் புழங்கத் தொடங்கிய காலம் அது. வேலை நேரம், விடுப்பு, ஓய்வு எல்லாம் எஜமானியின் மனம்போல. 2015இல் குவைத்தும் 2017இல் கத்தாரும் அமீரகமும் வீட்டுவேலைக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தன. அமீரகச் சட்டம் வாரம் ஒருநாள் விடுமுறை, நாளுக்கு 12 மணிநேர ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் ஊதிய விடுப்பு என்று எழுதிவைத்தது. 2022இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் 2017இன் சட்டப்படியும் ஆய்வாளர் வீட்டுக்காரரின் சம்மதமோ அரசு வழக்குத்தொடுநரின் அனுமதியோ இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாதிருந்தது. மெனாஜின் கதவு கனமான கதவு.

அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதை எந்த மொழியில் யாரிடம் சொல்வது? மூதூரின் ரிசானா நஃபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்குப் போனவர். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்பது அவர் தரப்பு. கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9 அன்று மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பதினேழு வயதுப் பெண்ணிடம் ஒரு கைக்குழந்தையை ஒப்படைத்ததில் அந்த வீட்டுக்கு மட்டுமா பங்கு? கடவுச்சீட்டைத் தயாரித்த தரகருக்கும் உண்டு, அனுப்பிவைத்த வறுமைக்கும் உண்டு.

ஆண்களின் கதை இதற்கு நேர்எதிர். அவர்களை எந்த வீட்டிலும் சேர்ப்பதில்லை. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும் துபாயில் அவர் 'பேச்சிலர்'. 2008இல் 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்று துபாய் நகராட்சி இறங்கியபோது பகிர்ந்து வாழ்ந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். இன்று மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை வரவழைக்கலாம். அதற்குக் கீழே இருப்பவருக்கு மெனாஜ் கிடையாது, சோனாப்பூர் கேம்ப்தான்.

பிரான்ஸும் இதில் சளைத்ததல்ல. அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமான இன்ஸே, உறவுமுறையைக் கேட்காமல், ஒரே வீட்டில் வாழ்கிறவர்களை மெனாஜ் என்று எண்ணும். தனி ஆளும் ஒரு மெனாஜ்தான். ஆனால் தொழிலாளர் விடுதிகளில் இருப்பவர்களைச் சிறைவாசிகளோடும் படைமுகாம்களில் இருப்பவர்களோடும் சேர்த்து 'மெனாஜுக்கு வெளியே' என்ற கணக்கில் எழுதும். 1950களில் அல்ஜீரியத் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய அந்த விடுதிகளின் பெயர் 'ஃபுவாயே'. பொருள், அடுப்பு.

இந்தியக் கணக்கெடுப்பு அடுப்பைத்தான் பார்க்கிறது. சேர்ந்து வாழ்ந்து, பொதுச் சமையலில் உண்கிறவர்கள் ஒரு குடும்பம். அந்த அளவுகோலை ஷார்ஜாவில் ஆறு கட்டில் போட்ட ஓர் அறைக்குக் கொண்டுபோனால் அதுவும் குடும்பம்தான். நம்மவர்கள் அதை 'மெஸ்' என்பார்கள். அதுவும் உணவைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்ததுதான். மாதக் கடைசியில் ஒருவர் நோட்டை விரிப்பார். அரிசி, மீன், கேஸ். ஊருக்குப் போனவரின் நாட்களைக் கழிப்பார்கள். வேலை போய் விசாவுக்கு அலைகிறவரின் பங்கை மற்ற ஐந்து பேரும் பிரித்துக்கொள்வார்கள்; அதை நோட்டில் எழுதுவதில்லை.