எடையும் விறைப்பும்: சிறு பந்தய மோட்டார் சைக்கிள்களின் சட்டகம் வளர்ந்த விதம் (1953–2016)

1966ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில் ஓடிய ஹோண்டா ஆர்.சி. 116இன் முன்சக்கரத்தைப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். அதில் டிரம் பிரேக் இல்லை. சக்கர விளிம்பை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சைக்கிள் பிரேக்தான் இருக்கிறது. எஞ்சினோ 50 சிசிக்குள் இரண்டு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டும் வேகம், சுமார் 14 குதிரைத்திறன். முழு வண்டியின் எடை ஏறத்தாழ 50 கிலோ. டிரம் பிரேக்கின் கனத்தைச் சக்கரத்திலிருந்து அகற்ற அன்றைய பெரும் நிறுவனம் ஒன்று சைக்கிள் கடை உத்தியையே நாடியது என்றால், எடை குறித்த கவலை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது விளங்கும்.

இதைக் கொண்டு, சிறு பந்தய வண்டிகளின் சட்டகம் எடைக்குறைப்பை நோக்கியே நேர்கோட்டில் வளர்ந்தது என்று எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1950கள் முதல் மோட்டோ3 வகுப்பு வரையிலான வண்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. எடையை முடிவு செய்தது பெரும்பாலும் எஞ்சினும் விதிப்புத்தகமும்தான். சட்டகம் செய்தவர்களின் உண்மையான வேலை, கிடைத்த எடைக்குள் விறைப்பை எங்கே வைப்பது என்பதாக இருந்தது. இக்கட்டுரை அந்த வேலையைப் பின்தொடர்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 50 கிலோ வண்டியின் மேல் 55 கிலோ எடையுள்ள ஓட்டுநர் அமர்ந்தால் மொத்தம் 105 கிலோ. சட்டகத்தில் 2 கிலோவைச் செதுக்கினால் வண்டியின் எடை 4 சதவீதம் குறைகிறது. முடுக்கத்தைத் தீர்மானிக்கும் மொத்த எடையிலோ அது 2 சதவீதத்துக்கும் கீழே. அதே உழைப்பை எஞ்சினில் செலவிட்டு 14 குதிரைத்திறனை 15 ஆக்கினால் கிடைப்பது 7 சதவீதம். நேர்ப்பாதையில் உச்ச வேகத்தை எட்டிய பிறகு எடைக்குப் பெரிய பங்கே இல்லை. காற்றின் எதிர்ப்பை வெல்ல வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் 50 சிசி வகுப்பில் சட்டகம் இலேசாக இருப்பதைவிடக் குறுகலாகவும் தாழ்வாகவும் இருப்பது முக்கியமாயிற்று. ஓட்டுநர் பெட்ரோல் டேங்கின் மேல் மார்பைப் பதித்துப் படுக்க வேண்டும். காற்றில் தெரியும் முகப்பு சுருங்க வேண்டும். குட்டையான, ஒடிசலான ஓட்டுநர்களை அணிகள் தேடியதற்கும் இதுவே காரணம்.

தகடும் குழாயும்

1953, 1954இல் 125 சிசி வகுப்பை ஆண்டது ஜெர்மனியின் என்.எஸ்.யூ. ரென்ஃபாக்ஸ். வெர்னர் ஹாஸ் 1953இல் பட்டம் வென்றார். ரூபர்ட் ஹொலாவுஸ் 1954இல் மோன்சாவில் பயிற்சியின்போது இறந்தபின் பட்டம் அவர் பெயருக்குச் சென்றது. மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி வரலாற்றில் இறந்தபின் சாம்பியனானவர் அவர் ஒருவரே. இந்த வண்டியின் சட்டகம் குழாய்களை வளைத்துப் பற்றவைத்தது அல்ல. அச்சில் அழுத்திய எஃகுத் தகடுகள் இணைந்து முதுகெலும்பு போல நீளும் அமைப்பு அது. எஞ்சின் அதன் கீழே தொங்கும். சாலைப் பயன்பாட்டுக்கு விற்ற வண்டிகளை மலிவாகச் செய்வதற்காக வந்த உத்தி பந்தயத்திலும் பயன்பட்டதற்குக் காரணம் உண்டு. மூடிய பெட்டி வடிவம் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும்.

1954இல் மான் தீவின் டி.டி. பந்தயத்தைப் பார்க்கச் சொய்ச்சிரோ ஹோண்டா வந்திருந்தார். அந்த ஆண்டு அங்கே 125, 250 இரு வகுப்புகளிலும் வென்றது என்.எஸ்.யூ.தான். ஐந்து ஆண்டு கழித்து, 1959இல், ஹோண்டா முதன்முதலாக மான் தீவுக்குக் கொண்டுவந்த 125 சிசி வண்டியின் முன்ஃபோர்க் டெலஸ்கோப் வகையல்ல. என்.எஸ்.யூ. பயன்படுத்தியதைப் போன்ற இணைப்புக்கரம் கொண்டது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு டெலஸ்கோப் ஃபோர்க்குக்கு மாறினார்கள். ஜெர்மன் பாணியை ஒரு பருவம் பரிசோதித்துவிட்டு ஓரமாக வைத்த வேகம் கவனிக்கத்தக்கது.

1960களில் ஹோண்டாவில் நிலைத்த வடிவம் எளிமையானது: மேலே குழாய்கள், கீழே திறந்த வெளி. எஞ்சினின் முன்னே இறங்கி அடியில் தொட்டில் போல் வளையும் குழாய் கிடையாது; எஞ்சினே அந்த இடத்தை நிரப்பி, சட்டகத்தின் பாரத்தில் பங்கெடுக்கும். ஒரு குழாயை எடுத்துவிட்டு எஞ்சினின் அலுமினிய உடலை எலும்பாகப் பயன்படுத்துவது எடைக்கு இலாபம். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளின் இறுக்கத்தில்தான் வண்டியின் நடத்தை அடங்கியிருக்கும் என்பது அதற்கான விலை.

இந்தக் காலத்தில் எடையை ஏற்றியது எஞ்சின். 50 சிசி வண்டியின் 35.5 × 25.14 மில்லிமீட்டர் சிலிண்டரை ஐந்து அடுக்கினால் அதுவே 125 சிசி ஆர்.சி. 149. லூயிஜி டாவெரி 1966இல் இதில் பட்டம் வென்றார். வண்டியின் எடை ஏறத்தாழ 85 கிலோ. யமஹா 125 சிசியில் நான்கு சிலிண்டரை வி வடிவில் வைத்தது. சுசுகியின் 1967ஆம் ஆண்டு 50 சிசி வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 14 கியர், 17 குதிரைத்திறனுக்கு மேல். நம் ஊர்ச் சாலைகளில் பலர் நினைவில் வைத்திருக்கும் யமஹா ஆர்.எக்ஸ். 100, இருமடங்கு கொள்ளளவில் 11 குதிரைத்திறன்தான் தந்தது. இத்தனை உறுப்புகளைச் சுமக்கும்போது சட்டகத்தில் அரைக் கிலோ குறைத்து என்ன ஆகப்போகிறது?

விதி மாறியது. 1969 முதல் 50 சிசிக்கு ஒரே சிலிண்டர், ஆறு கியர். 1970 முதல் 125, 250 வகுப்புகளுக்கு இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானிய அணிகள் அதற்குள்ளாகவே விலகத் தொடங்கியிருந்தன. எஞ்சின் சுருங்கியதும் இடம் கிடைத்தது. பெரிய பட்டறைகள் விட்டுச்சென்ற வெளியில் ஸ்பெயின், இத்தாலி, நெதர்லாந்தின் சிறு பட்டறைகள் நுழைந்தன. நெதர்லாந்தின் யான் தீலும் மார்ட்டின் மைவார்ட்டும் சேர்ந்து செய்த யமாத்தி வண்டியில் பால் லோடவைக்ஸ் 1968இல் அசென் பந்தயத்தையே வென்றது ஒரு முன்னறிவிப்பு.

ஓசாவின் மக்னீசியக் கூடு

இந்தக் கதையில் நான் மிக உயர்வாக மதிக்கும் சட்டகம் உலகப் பட்டம் எதையும் வெல்லவில்லை.

பார்சலோனாவின் ஓசா நிறுவனத்தில் எடுவார்டோ கிரோ 250 சிசி வண்டி ஒன்றை வடிவமைத்தார். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், சுழல்தட்டு வால்வு. 42 குதிரைத்திறன் அளவு. போட்டியிலிருந்த யமஹாவின் நான்கு சிலிண்டர் வண்டி இதைவிட வெகு அதிகத் திறன் கொண்டது. திறனில் எட்டமுடியாதவர் எடையில் எட்ட முயன்றார். மக்னீசியக் கலவைத் தகடுகளை மடித்துப் பற்றவைத்து, பெட்ரோல் டேங்கையும் தனக்குள்ளே அடக்கிய ஒற்றைக்கூடு, அதாவது மோனோகாக், செய்தார். வண்டி யமஹாவைவிட ஏறத்தாழ 20 கிலோ குறைவு.

மக்னீசியம் இலேசான உலோகம் என்பதால் எடை குறைந்தது என்று சொல்வது பாதி விளக்கம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.8க்குச் சற்றுக் கீழே. ஆனால் மீள்தன்மைக் குணகம் எஃகுக்கு 205 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, மக்னீசியத்துக்கு 45. அடர்த்தியால் வகுத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகின்றன. ஒரே வடிவில், ஒரே எடையில் எந்த உலோகத்துக்கும் தனிச் சலுகை இல்லை என்று பொருள். இலாபம் வடிவத்தில் இருக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட குழாயின் எடை விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் பெருக்கினால் வருவது. வளைவை எதிர்க்கும் விறைப்போ விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எஃகுக் குழாயை அகற்றிவிட்டு அதே எடையில், இருமடங்கு விட்டத்தில் அலுமினியக் குழாய் செய்தால் சுவர் எஃகைவிடத் தடிமனாகவே அமையும். விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதையே எஃகில் செய்யப்போனால் சுவர் பாதியாக மெலிந்து, நசுங்கும் அபாயம் வரும். இலேசான உலோகத்தின் உண்மைக் கொடை, பருத்த வடிவத்தைத் தாங்கக்கூடிய சுவரோடு செய்ய விடுவதுதான். கிரோவின் கூடு அந்தத் தர்க்கத்தின் எல்லை: டேங்க், சட்டகம் இரண்டும் ஒரே பருத்த குறுக்குவெட்டு.

சாண்டியாகோ எரேரோ 1969இல் இந்த வண்டியில் ஸ்பெயின், பிரான்ஸ், பெல்ஜியம் பந்தயங்களை வென்றார். நேர்ப்பாதைகளால் பேர்பெற்ற பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஒற்றைச் சிலிண்டர் வென்றது தற்செயல் அல்ல. குறுகிய முகப்பு கொடுத்த வெற்றி அது. அல்ஸ்டரில் விழுந்து காயம்பட்டதால் பட்டம் நழுவி மூன்றாம் இடத்தில் முடித்தார். 1970 ஜூனில் மான் தீவில் விபத்தில் இறந்தார். ஓசா சாலைப் பந்தயத்தைவிட்டே விலகியது.

மோனோகாக் பின்னர் பெரிய வண்டிகளுக்கும் போனது. 1973இல் பீட்டர் வில்லியம்ஸ் நார்ட்டன் 750இல் எஃகுத் தகட்டு ஒற்றைக்கூட்டோடு மான் தீவில் வென்றார். 1980இல் கவாசாகி கே.ஆர். 500க்கு அலுமினியத்தில் ஒன்று செய்தது. ஆனால் அது வேரூன்றவில்லை. பந்தய நாளில் மெக்கானிக் எஞ்சினைத் தொட எவ்வளவு நேரமாகும், விழுந்து நெளிந்த கூட்டைக் கூடாரத்தில் எப்படி நிமிர்த்துவது என்ற கேள்விகள் வரைபடத்தில் தெரியாதவை.

கோபாஸ்: இரு பக்கமும் உத்திரம்

மோனோகாக்கின் தர்க்கத்தை வைத்துக்கொண்டு அதன் தொல்லையை விட்டொழித்தவர் இன்னொரு பார்சலோனாக்காரர், அந்தோனியோ கோபாஸ். ஸ்டீரிங் தலையிலிருந்து ஸ்விங்ஆர்ம் அச்சு வரை எஞ்சினின் இரு பக்கமும் பருத்த அலுமினிய உத்திரங்களை நேராக ஓட்டினார். பெட்டி வடிவம் அப்படியே. ஆனால் எஞ்சின் நடுவே திறந்த வெளியில் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் ரோட்டாக்ஸ் எஞ்சினோடு வந்த அவருடைய 250 சிசி கோபாஸ் வண்டியில் கார்லோஸ் கார்டூஸ் 1983இல் ஐரோப்பிய சாம்பியனானார். சித்தோ பொன்ஸ் 1984இல் ஹராமாவில் கிராண்ட் பிரி வென்றார். 1985இல் யமஹா டி.இஸட்.ஆர். 250 சாலை வண்டியோடு டெல்டாபாக்ஸ் என்ற பெயரில் இதே கொள்கை கடைக்கு வந்தது. இன்றும் பந்தய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இதன் வழித்தோன்றல்களே.

இந்த மாற்றம் சிறு வகுப்பிலிருந்து மேலே ஏறியதில் வியப்பில்லை. 500 சிசி வண்டியின் முறுக்குவிசையையும் பிரேக் பாரத்தையும் தாங்கும் சட்டகத்தை ஒரு சிறு பட்டறை துணிந்து பரிசோதிக்க முடியாது. 250இலும் 125இலும் பாரம் குறைவு, செலவு குறைவு, விலைக்குக் கிடைக்கும் எஞ்சின் உண்டு. 1988இல் 125 வகுப்பு ஒற்றைச் சிலிண்டராகச் சுருக்கப்பட்டபின் இது இன்னும் எளிதாயிற்று. அடுத்த ஆண்டே ரோட்டாக்ஸ் எஞ்சின் பூட்டிய ஜே.ஜே. கோபாஸ் வண்டியில் 19 வயது அலெக்ஸ் கிரிவில்லே, ஹோண்டா ஓட்டிய ஹான்ஸ் ஸ்பானை முந்தி உலகச் சாம்பியனானார். எஞ்சின் தயாரிக்காத ஒரு பட்டறை ஹோண்டாவைத் தோற்கடித்தது சட்டகத்தின் வலுவால் என்று சொன்னால் அது மிகையாகாது.

எடை விதியான பிறகு

ஹோண்டா தனியாருக்கு விற்ற ஆர்.எஸ். 125ஆர் ஏறத்தாழ 70 கிலோ. இந்த அளவில் 40 குதிரைத்திறனைத் தாண்டிய வண்டிகளுக்கு இடையே பெரிய வேறுபாடு ஓட்டுநரின் உடல்தான். 48 கிலோ பையனும் 65 கிலோ இளைஞனும் ஒரே வண்டியில் ஏறினால் பந்தயம் தொடங்குமுன்பே 17 கிலோ வித்தியாசம்; எந்தச் சட்டகமும் அதை ஈடுகட்டாது. அதனால் வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்து நிறுக்கும் விதி வந்தது. 125 வகுப்பின் இறுதி ஆண்டுகளில் அந்தக் கூட்டு எடை 136 கிலோ. 2012இல் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு மோட்டோ3 வந்தபோது 148 கிலோ, பிறகு 152.

இலேசாக்குவதில் இனி இலாபம் இல்லை என்றானதும் சட்டகம் செய்பவரின் கேள்வியும் மாறிவிட்டது. அதுவரை விறைப்பு என்றால் அதிகம் என்றே பொருள். ஆனால் வண்டி செங்குத்திலிருந்து 55, 60 பாகை சாய்ந்திருக்கும்போது ஃபோர்க்கும் பின் ஷாக்கும் சாலை மேட்டின் திசையில் வேலை செய்வதில்லை. அப்போது மேட்டை விழுங்குவது சட்டகத்தின் பக்கவாட்டு நெகிழ்ச்சி. திறன் குறைந்த வண்டி வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க முடியாது. ஆகவே வளைவில் டயர் பிடி இழக்காமல் இருப்பதே சிறு வகுப்பின் உயிர்நாடி. பிரேக் பிடிக்கும்போது நெளியாத, சாயும்போது சற்றே வளைந்து கொடுக்கும் சட்டகம் வேண்டும். அதனால் உத்திரத்தின் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறார்கள்.

மோட்டோ3 இதற்கு ஒரு நல்ல ஆய்வுக்களம். எல்லாருக்கும் ஒரே கூட்டு எடை, சிலிண்டர் விட்டத்துக்கு 81 மில்லிமீட்டர் உச்சவரம்பு. கே.டி.எம். எஃகுக் குழாய்களைப் பின்னல் வடிவில் பற்றவைத்தது. ஹோண்டா அலுமினிய இரட்டை உத்திரத்தில் நின்றது. சிலிண்டரை 15 பாகை பின்னோக்கிச் சாய்த்து, சிலிண்டர் தலையை முன்பின்னாகத் திருப்பி, காற்று முன்னே நுழைந்து புகை பின்னே வெளியேறும்படி வைத்தது. 2012இல் சாண்ட்ரோ கோர்டேசே, 2013இல் மாவெரிக் வின்யாலெஸ், 2016இல் பிராட் பைண்டர் ஆகியோர் கே.டி.எம்.மில் வென்றனர், 2014இல் அலெக்ஸ் மார்க்கெஸ், 2015இல் டேனி கென்ட் ஹோண்டாவில். இந்தியாவின் மஹிந்திரா 2013இல் சுவிட்சர்லாந்தின் சூட்டரோடு சேர்ந்து வண்டியைப் புதிதாக எழுப்பி, 2016இல் அசெனில் பிரான்செஸ்கோ பாஞ்ஞாயா மூலம் முதல் வெற்றியைக் கண்டது. எஃகா, அலுமினியமா என்று பட்டியலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்னே கண்ட அடர்த்தி–மீள்தன்மைக் கணக்கு தெரிந்தவருக்கு இது எதிர்பார்த்த முடிவுதான்.

எஞ்சிய வேறுபாடு எடைக்கட்டிகளில் இருக்கிறது. இலேசான ஓட்டுநர் கிடைத்த அணி, 152 கிலோவை எட்ட உலோகக் கட்டிகளை வண்டியில் பொருத்த வேண்டும். அவற்றைத் தாழ்த்தி வைத்தால் பக்கத்துக்குப் பக்கம் சாய்வதில் ஒரு விளைவு; முன்னே வைத்தால் முன் டயரின் பிடியில் இன்னொரு விளைவு. கனமான ஓட்டுநரை வைத்திருக்கும் அணிக்கு இந்தத் தெரிவே கிடையாது. அதன் உபரி எடை முழுவதும் இருக்கைக்கு மேலே, வளைவுக்கு வளைவு இடம்மாறும் ஓர் உடலாக இருக்கிறது.