மூளைக் கட்டிக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையும் நினைவாற்றலும்

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டவுடன், "இதனால் நினைவு மங்கிவிடுமா?" என்று பல குடும்பத்தினர் வினவுகின்றனர். இவ்வச்சத்தால் சிகிச்சையையே மறுப்போரும் உளர். நினைவாற்றல் பாதிக்கப்படக்கூடும் என்பது உண்மையே. ஆயினும், பாதிப்பின் அளவு மூளையின் எப்பகுதியில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதனைக் குறைக்கும் வழிகளும் இன்று உள்ளன. அவற்றைப் பற்றி மருத்துவரிடம் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

மக்கள் வழக்கில் இச்சிகிச்சையைக் "கரண்ட் வைத்தல்" என்பர். எனினும் இதில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. பெரும்பாலும் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களே பயன்படுத்தப்படுகின்றன.

நரம்பு ஸ்டெம் செல்கள் யாவை?

புதிய நரம்பு செல்களையும், அவற்றுக்குத் துணைபுரியும் செல்களையும் உருவாக்கும் மூல செல்களே நரம்பு ஸ்டெம் செல்கள். இவை முக்கியமாக இரண்டு இடங்களில் உள்ளன:

• மூளையின் நடுவே அமைந்த திரவ அறைகளின் சுவரை ஒட்டிய பகுதி
• ஹிப்போகாம்பஸ் எனப்படும் பகுதி. இது மூளையின் இருபுறமும், காதுகளுக்கு நேர் உட்புறமாக அமைந்துள்ளது. புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பது இதன் முதன்மைப் பணியாகும்.

குழந்தைகளின் மூளையில் இச்செல்களின் செயல்பாடு மிகுதி. வயது கூடக்கூட அது குறைகிறது.

கதிர்வீச்சு இவற்றை எவ்வாறு பாதிக்கிறது?

கதிர்வீச்சு செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. பிரிந்து பெருகும் செல்கள் இதனால் எளிதில் அழிகின்றன. கட்டியின் செல்கள் அழிவது இவ்வாறே. பிரியும் தன்மையுடைய ஸ்டெம் செல்கள் பாதிக்கப்படுவதற்கும் இதுவே காரணம். 2002-ஆம் ஆண்டில் வெளியான எலிகள் மீதான ஆய்வு ஒன்றில், கதிர்வீச்சு பெற்ற ஹிப்போகாம்பஸில் நலமான ஸ்டெம் செல்களைப் புகுத்தியபோதும் அவை நரம்பு செல்களாக வளரவில்லை. அங்கு ஏற்பட்ட அழற்சி, செல்கள் வளர்வதற்கான சூழலையே கெடுத்திருந்தது.

நினைவுக் குறைவுக்கு ஸ்டெம் செல் பாதிப்பு மட்டுமே காரணமன்று. நுண் இரத்தக் குழாய்களின் பாதிப்பு, கட்டியின் தாக்கம், அறுவைச் சிகிச்சை, வலிப்பு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

விளைவுகள் எப்போது தோன்றும்?

• சிகிச்சைக் காலத்தில்: சோர்வு, தலைவலி, குமட்டல், முடி உதிர்தல்
• முடிந்த சில வாரங்கள் முதல் ஆறு மாதங்கள் வரை: மிகுந்த தூக்கம், கவனக்குறைவு. இவை பெரும்பாலும் சரியாகிவிடும்.
• ஆறு மாதங்களுக்குப் பின்: புதியவற்றை நினைவிற்கொள்வதிலும் விரைந்து சிந்திப்பதிலும் தடை. இவை நிலைத்துவிடக்கூடும்.

பாதிப்பைக் குறைக்கும் முறைகள்

வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு தேவைப்படும்போது, பொதுவாக 10 தவணைகளில் 30 கிரே அளிக்கப்படுகிறது. ஹிப்போகாம்பஸில் மட்டும் கதிர்வீச்சு குறைவாகப் படுமாறு திட்டமிட இயலும். 518 நோயாளிகள் பங்கேற்று, 2020-இல் முடிவு வெளியான ஆய்வில், இம்முறையுடன் மெமான்டின் மாத்திரை பெற்றோருக்கு, வழக்கமான முறையுடன் அதே மாத்திரை பெற்றோரைவிட அறிவாற்றல் குறையும் அபாயம் 26 விழுக்காடு குறைவாக இருந்தது. உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

ஹிப்போகாம்பஸுக்கு மிக அருகில் கட்டி இருப்பின் இம்முறை பொருந்தாது. கட்டிகள் சிலவே எனில், அவற்றை மட்டும் குறிவைக்கும் துல்லியக் கதிர்வீச்சு பொருத்தமாகலாம்.

மூளையிலேயே தோன்றும் கிளையோபிளாஸ்டோமா கட்டிக்கு வழக்கமாக 30 தவணைகளில் 60 கிரே அளிக்கப்படுகிறது. நினைவைக் காக்கும் பொருட்டுக் கட்டிக்குரிய அளவைக் குறைப்பது நோய் மீள வழிவகுக்கும். எனவே கட்டி இல்லாத பக்கத்து ஹிப்போகாம்பஸைக் காக்க முடியுமா என்பதே ஆராயப்படும்.

குழந்தைகளுக்கு

வளரும் மூளை கதிர்வீச்சால் கூடுதலாகப் பாதிக்கப்படும். ஆதலால் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு இயன்றவரை இது தவிர்க்கப்படுகிறது அல்லது தள்ளிப்போடப்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், தீவிரம் குறைந்த கட்டிகள் கொண்ட 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரிடம் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு, கட்டியின் வடிவத்திற்கேற்பத் துல்லியமாக அளிக்கும் கதிர்வீச்சு அறிவுத்திறனையும் ஹார்மோன் சுரப்பையும் சிறப்பாகக் காப்பதைக் காட்டியது. சிகிச்சைக்குப் பின் குழந்தையின் உயரம், ஹார்மோன் அளவு, படிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• மூளை முழுவதற்குமா, கட்டிக்கு மட்டுமா கதிர்வீச்சு?
• ஹிப்போகாம்பஸைத் தவிர்க்க இயலுமா? இயலாதெனில் காரணம் என்ன?
• மெமான்டின் எனக்குப் பொருந்துமா?
• சிகிச்சைக்கு முன் நினைவாற்றல் பரிசோதனை செய்யப்படுமா? (பின்னர் ஒப்பிட இது உதவும்.)

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

மருந்து நேரங்களை எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் கூறுங்கள். சொன்னதையே மீண்டும் கேட்டால் கடிந்துகொள்ள வேண்டாம். அது நோயாளியின் அலட்சியம் அன்று. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்துகளைத் தாமாக நிறுத்தக்கூடாது.

வலிப்பு, தொடர் வாந்தியுடன் கூடிய கடும் தலைவலி, கை கால் செயலிழப்பு, எழுப்ப இயலாத மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

இத்தகவல் பொதுவான விழிப்புணர்வுக்கானது. தங்களுக்குரிய சிகிச்சையைத் தங்கள் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யவும்.